ஒன்றேகால் அடிக் குழி

நாகலூரை அடுத்த காப்பி எஸ்டேட்டில் அங்கப்பனுக்கு முப்பத்தொரு வருஷ வேலை. அவர் வெட்டிய குழிகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ஏரி வரும். பேப்பரில் அவர் படம் ஒரு நாளும் வந்ததில்லை. மூக்கன் படம் வந்துவிட்டது.

மூக்கன் அங்கப்பனின் மனைவி பாவாயிக்குத் தம்பி. பட்டுப்போன சில்வர் ஓக் நாற்றுக்குப் பதில் புதுசு வைக்கத் தோண்டும்போது, அவன் கடப்பாரை ஒரு மண்கலயத்தில் இடித்தது. உள்ளே செப்புக் காசுகள். சோழர் காலத்தவை என்றார்கள். தாசில்தார் வந்து அவனுக்குச் சால்வை போர்த்தினார்.

பாவாயி அந்தப் படத்தை வெட்டி எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டுச் சுவரில் ஒட்டினாள்.

"நீங்களுந்தான் இத்தன வருசமா மண்ணத் தோண்டுறீங்க. எந் தம்பிக்குக் கை ராசி நொம்ப."

அங்கப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அதே குழியை வெட்டியவர் அவர்தான்.

குழி ஒன்றரை அடி ஆழம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை குழி என்று விதித்த எவனும் அந்தப் பாறை மண்ணில் கடப்பாரை பிடித்தவனில்லை. அதனால் அங்கப்பன் ஒன்றேகால் அடியோடு நிறுத்திவிட்டு, தோண்டிய மண்ணை விளிம்பில் போட்டு மிதித்து உயர்த்துவார். மேஸ்திரியின் அளவுகோல் ஒன்றரை காட்டும். மிச்சம் விட்ட அந்தக் கால் அடிக்குள்தான் கலயம் இருந்தது. "அது என் குழி" என்று சொன்னால் திருட்டு வேலையும் வெளியே வரும். சொல்லாமல் வெந்தார்.

அடுத்த வாரம் தொல்லியல் அதிகாரி ஒருவர் வந்தார். மேல்மண் ஏற்கெனவே கிளறப்பட்டிருக்கிறது, யாரோ முன்பே கலயத்தைத் திறந்திருக்கலாம் என்றார். அவ்வளவுதான். மூக்கன் தங்கத்தை எடுத்துக்கொண்டு செம்பைக் கொடுத்தான் என்று பேச்சு கிளம்பியது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள்.

அங்கப்பனுக்கு முதல் நாள் உள்ளூரச் சந்தோஷம். இரண்டாம் நாள் அதுவும் கசந்தது. பஸ்ஸில் அடிவாரம்வரை மூக்கன் பேச்சுத்தான். திருடன் என்ற பேரில்கூட அவனே பெரிய ஆளாகிவிட்டான். மூன்றாம் நாள் மூக்கனின் மனைவி தங்கம்மா அரிசி கேட்டு வந்து நின்றாள். பாவாயி முறத்தில் அள்ளிப் போட்டாள்.

அங்கப்பன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நேரே குழிக்குப் போனார். அதிகாரி இருந்தார், மேஸ்திரி இருந்தார், விசாரணைக்கு அழைத்து நிறுத்தப்பட்ட மூக்கனும் இருந்தான்.

"ஏனுங்க, மேல்மண்ணக் கிளறுனது நானுங்க. ஒன்னேகால் அடியோட உட்டுட்டனுங்க. அதுக்குக் கீழ எந்தக் கையும் படலீங்க. நீங்களே அளந்து பாருங்க."

அதிகாரி டேப்பை இறக்கினார். குழியின் பக்கச் சுவரில் ஒன்றேகால் அடிக்குக் கீழே மண் கெட்டியாக, நிறம் மாறாமல் இருந்தது. மேஸ்திரி, அந்த வரிசையில் உள்ள அத்தனை குழியையும் அங்கப்பனே திரும்ப வெட்ட வேண்டும் என்றார்.

மூக்கன் கிட்டே வந்தான். கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் அடங்கவில்லை.

"இன்னும் நாலு விரல் எறங்கியிருந்தா சால்வ உங்களுக்குத்தானுங்க மாமா."

"போடா" என்றார் அங்கப்பன்.

பிறகு அதிகாரியிடம், எழுதும் காகிதத்தில் தன் பெயரும் வருமா என்று கேட்டார். வரும் என்று எழுதியும் காட்டினார் அதிகாரி: குழியை முன்பு ஒன்றேகால் அடிவரை வெட்டியவர் அங்கப்பன். அங்கப்பன் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார். மூக்கன் பெயர் அதற்கு ஒரு வரி மேலே இருந்தது.