அத்தை பொறுக்கி எடுத்த ஹெட்போன்

ஹெட்போன் விஷயத்தில் என்னை ஏமாற்ற இந்தச் செஞ்சியில் ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செல்போன் சாமான் விற்கிற கடை இரண்டு என் பேரில் ஓடுகிறது. கம்பெனிப் பையன் சாம்பிள் கொண்டுவந்து நீட்டினால், கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன், இது ஒரு வருஷம் தாங்கும், இது தீபாவளியைத் தாண்டாது என்று. "எங்க மேடம் படிச்சீங்க?" என்று ஒருத்தன் வாயைப் பிளந்தான். தார்ப்பாயில் படித்தேன் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

காலையில் கோட்டைப் பக்கம் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள் என்று இப்போது ஒரு கூட்டமே இருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓடுவதற்கு என்றால் காதில் எடையே தெரியக் கூடாது. காதை முழுக்க அடைக்கக் கூடாது, பின்னால் லாரி வந்தால் கேட்க வேண்டும். வேர்வையில் ஊறுகிற பஞ்சு ஆகாது. அதையே பஸ்ஸிலும் மாட்டிக்கொண்டு போகலாம், அடுப்படியிலும் மாட்டிக்கொள்ளலாம். விலையைக் கொட்டாதே, எப்படியும் ஒருநாள் தொலையப்போகிற சாமான். வக்கீல், வாத்தியார் எல்லோரும் நான் சொன்னதைத்தான் வாங்கிப் போகிறார்கள்.

ஆனால் என் கண் முன்னால் முதன்முதலாக ஹெட்போன் வாங்கியவள் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. அவள் என் அத்தை, என் நைனாவின் தங்கை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தைக்கு இருபது இருக்கும். பெண் போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள், கடலூர் மைதானத்தில் ஓடிக் காட்ட வேண்டும் என்று தெரிந்ததும், போயே தீருவேன் என்று ஒரே பிடியாக நின்றாள். தாத்தா முடியாது என்றார். அத்தை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் தாத்தா ஒரு கண்டிஷனோடு இறங்கி வந்தார். விடியற்காலை ஓடிப் பழகலாம், துணைக்குச் சின்னவள் போக வேண்டும், ஆனால் வயசுப் பெண் ஓடுகிறாளே என்று ஊரில் ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றோடு ஓட்டம் நிற்கும். வேட்டவலத்து மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து போயிருந்தார்கள். ஓட்டம் நின்றால், மூன்றாம் தடவை வரும்போது தாத்தா தாம்பூலம் மாற்றிவிடுவார்.

ஊர் பேசியதா என்று தெரிந்துகொள்ளத் தாத்தாவிடம் ஒரு வழி இருந்தது. எங்கள் வீட்டு அங்காளம்மன் படத்துக்குக் கீழே ஒரு பித்தளை டப்பா. அதில் மேல்மலையனூர் கோயிலிலிருந்து கொண்டுவந்த சாம்பல். விளக்கு வைத்தபின் மூடியைத் திறந்து, சாம்பலில் கை வைத்துப் பதில் சொல்லச் சொல்வார். அதில் கை வைத்துப் பொய் சொன்னவர் எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருத்தர், அவருக்குக் கண் போயிற்று என்று சொல்வார்கள். நாங்கள் எல்லோரும் நம்பினோம். அத்தையும் நம்பினாள். திருடனைப் பிடிக்கப்போகிறவள் அந்தச் சின்ன டப்பாவைக் கண்டு நடுங்கினாள்.

முதல் வாரம் ஒரு தொல்லையும் இல்லை. அத்தை நைனாவின் பழைய பேண்ட்டை இடுப்பில் நாடா போட்டு இறுக்கிக்கொண்டு, திருவண்ணாமலை ரோட்டில் ஓடி, ராணிக்கோட்டைப் படியில் ஏறி இறங்குவாள். நான் பின்னாலேயே குறுக்கு வழியில் ஓடுவேன். அந்த வயதில் என்னைப் பிடிக்க ஒருத்தனும் கிடையாது. இரண்டாம் வாரம் ரோட்டோரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது வேடிக்கையாகிவிட்டது.

"இன்னாம்மா, பஸ்ஸ உட்டுட்டியா?"

"எவனோ தொரத்துறான்டா, பின்னால பாத்தா ஒருத்தனையும் காணமே!"

"டேய், போலீஸ் வருது, கல்லாப்பெட்டிய மூடு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் தாத்தா டப்பாவைத் திறந்து, "யாருனா எதுனா சொன்னத காதால கேட்டியா?" என்று கேட்டார். அத்தை சாம்பலில் கை வைத்தாள். பிறகு, "கேட்டேன் நைனா" என்றாள்.

"ஒரு வாட்டி உட்டேன்" என்றார் தாத்தா. "இன்னொரு வாட்டி இதே வார்த்த உன் வாயில வந்தா நின்னுடணும்."

எங்கள் வீட்டில் அப்போது ஒரு வாக்மேன் இருந்தது. துபாய்க்குப் போன என் மாமா இரண்டு கேசட்டோடு அனுப்பியது. ஆனால் அதோடு வந்த ஹெட்போன் வழியிலேயே நசுங்கி உடைந்துவிட்டது. ஊமையான பெட்டியை அம்மா துணி சுற்றி பீரோவில் வைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை அதை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினாள்.

சண்டே மார்க்கெட்டில் தரையில் தார்ப்பாய் விரித்து உலகத்தையே கொட்டி வைத்திருந்தார்கள். ஹெட்போன் விற்றவர் முதலில் எடுத்துக் கொடுத்தது ஒரு மெல்லிய கம்பி. இரண்டு முனையிலும் எலுமிச்சைப்பழம் அளவு மெத்துமெத்தென்று கறுப்புப் பஞ்சு. வாக்மேனில் சொருகி, "பாப்பா கேளு" என்று என் தலையில் வைத்தார்.

அதுவரை பாட்டு என்றால் எனக்கு வெளியே இருக்கிற ஒன்று. டீக்கடையில் இருக்கும், கல்யாண வீட்டுக் குழாயில் இருக்கும், காற்று திரும்பினால் போய்விடும். இது என் தலைக்குள்ளே வந்து உட்கார்ந்தது. இடது காதில் தபலா. வலது காதில் வயலின். இரண்டுக்கும் நடுவில், என் புருவத்துக்குப் பின்னால் எங்கேயோ ஒரு பெண்பிள்ளை நின்று பாடினாள். மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நான் பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மார்க்கெட்டில் ஒருத்தருக்கும் இது தெரியவில்லை, கத்திரிக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இதான் அத்த! இதயே வாங்கு!" என்று கத்தினேன்.

அத்தை அதை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, என் எதிரே வந்து நின்றாள். "என்ன திட்டு" என்றாள்.

"இன்னாது?"

"திட்டுடி. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லித் திட்டு."

இப்படி ஒரு வாய்ப்பு எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்? "எரும! தூங்குமூஞ்சி! தீஞ்ச தோசை!" என்று ஆரம்பித்தேன். அத்தை ஒவ்வொன்றுக்கும் கண்ணைச் சிமிட்டினாள். கழற்றிக் கீழே வைத்துவிட்டாள். "கேக்குது. வேற குடுங்க."

அடுத்தது காதுக்குள்ளே சொருகுகிற சின்னக் குமிழ். அதிலும் நான் திட்டினது கேட்டது. ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். கடைக்காரர் தலையில் கை வைத்தார். "இன்னாம்மா, பாட்டு கேக்க வாங்கறியா, சண்ட போட வாங்கறியா?"

அத்தை தார்ப்பாயின் மூலையைக் காட்டினாள். அங்கே ஒன்று கிடந்தது. இட்லித்தட்டு மாதிரி இரண்டு பெரிய மூடி, உள்ளே தடித்த பஞ்சு, ஒரு பக்கம் கிழிந்து சைக்கிள் டியூப் வைத்து ஒட்டியிருந்தது. "அது கனம்மா. சவுண்டும் சுமார்தான். யாரும் எடுக்கறதில்ல, பாதி வெலைக்குத் தரேன்" என்றார் அவர். என் காதில் வைத்துப் பார்த்தேன். பாடுகிறவளைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

அத்தை அதை மாட்டிக்கொண்டாள். காது முழுசாக உள்ளே போய்விட்டது. சவுண்டை ஏற்றினாள். "திட்டு."

திட்டினேன்.

"கத்துடி!"

"கத்திட்டுதான் அத்த இருக்கறேன்!"

"இன்னும் கத்து!" என்று என்னைவிடச் சத்தமாக அவள் கத்தினாள். கூட்டம் சிரித்தது. அத்தைக்கு அது ஒன்றும் எட்டவில்லை. முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை. கழற்றாமலே பணத்தை எடுத்து நீட்டினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. அந்த வயதிலேயே எனக்கு நல்ல சாமான் எது, ஓட்டைச் சாமான் எது என்று தெரியும். இவ்வளவு அழகாகப் பாடுகிற ஒன்றை விட்டுவிட்டு இட்லித்தட்டை வாங்குகிறாளே, இவளை எப்படி போலீசில் எடுப்பார்கள் என்று எனக்கு ஒரே கவலை.

அதற்குப்பின் அத்தை ஓடினால் அந்தக் கனம் காதைவிட்டு நழுவும். ரிப்பனை மோவாய்க்குக் கீழே கொடுத்துக் கட்டிக்கொண்டாள். டீக்கடைக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா? "கெணத்துக்கு வெடி வைக்கப் போறாடோய்!" என்றார்கள், இன்னும் என்னென்னவோ சொன்னார்கள். அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள். சாயங்காலம் சாம்பலில் கை வைத்து, "என் காதுல ஒண்ணும் விழல நைனா" என்பாள். ஒருநாள் கோட்டை அடிவாரத்தில் பார்த்தேன், ஹெட்போன் வயரின் நுனி வாக்மேனில் சொருகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டே இல்லாமல் ஓடியிருக்கிறாள், அதைக் கவனிக்கக்கூட இல்லை. நான்தான் சொருகிவிட்டேன். என் சாமர்த்தியத்தை அம்மாவிடம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

கடலூர் போக நாலு நாள் இருக்கும்போது உறவுக்காரப் பெரியப்பா ஒருத்தர் வீட்டுக்கு வந்து, டீக்கடைப் பேச்சு வரம்பு மீறிப் போகிறது என்று தாத்தா காதில் போட்டுவிட்டார். தாத்தா அத்தையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்குச் சின்னத கேக்கறேன். அதுதான் காதுல ஒண்ணும் மாட்டல" என்றார்.

மறுநாள் விடியற்காலை ரோட்டுக்கு வந்ததும் அத்தை நின்றாள். தன் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி என் தலையில் வைத்தாள். ரிப்பனை என் மோவாயில் இறுக்கிக் கட்டினாள். புது பேட்டரி போட்டிருந்தாள். சவுண்டை முழுசாகத் திருகிவிட்டு, வாக்மேனை என் பாவாடையில் சொருகி, வாயை அசைத்து ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. பிறகு வெறுங்காதோடு ஓட ஆரம்பித்தாள்.

எத்தனையோ ஹெட்போன் பார்த்துவிட்டேன். காதுக்குள் இருப்பதே தெரியாத மணி மாதிரி சாமான் எல்லாம் என் கடையில் தொங்குகிறது. அந்தக் காலை மாதிரி ஒன்று எனக்கு மறுபடி வரவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பாடினாலும் அந்தப் பாட்டுக்காரி எனக்கு மட்டும் பாடினாள். வெயிலின் முதல் கோடு எதிரே ராஜகிரி மலையின் உச்சியில் பட்டு, பாறை பாறையாகக் கீழே இறங்கியது. தபலா அடித்த அடிக்கு ஒவ்வொரு பாறையாகச் சிவந்தது. இவ்வளவு பெரிய மலை தினமும் இங்கேயேதான் நின்றதா? ஒரு குரங்கு சுவர்மேல் தாவியது, சத்தமே இல்லாமல். மாட்டு வண்டி போனது, அதற்கும் சத்தமில்லை. சாமிக்கு உலகம் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

டீக்கடை வந்தது. அவர்கள் வாய் எல்லாம் திறந்து மூடின. ஒருத்தன் தொடையில் தட்டினான். ஒருத்தன் எழுந்து வந்து, அத்தை மாதிரியே இடுப்பை ஆட்டிக்கொண்டு அவள் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓடினான். குனிந்து அவள் காதருகே ஏதோ சொன்னான். அத்தையின் கால் ஒரு எட்டு தடுமாறி, மறுபடி எழுந்தது. எல்லாம் பாட்டுக்குச் சரியாக அமைந்தது, திருவிழாவில் கூத்து பார்க்கிற மாதிரி. நான் கை தட்டினேன்.

ராணிக்கோட்டைப் படியின் பாதியில் அத்தை உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாட்டில் தண்ணீர் மொத்தத்தையும் முகத்தில் ஊற்றினாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இன்னா அத்த, இன்னிக்கு ஸ்லோவா ஓடற! பாட்டு இல்லன்னா உன்னால முடியலயா?" என்று மலையே அதிரக் கத்தினேன்.

சாயங்காலம் தாத்தா டப்பாவைத் திறந்தார். என் கையைப் பிடித்துச் சாம்பலில் வைத்தார். ஜில்லென்று இருந்தது.

"இன்னிக்கு ரோட்டுல யாருனா அத்தைய எதுனா சொன்னத உன் காதால கேட்டியா?"

"இல்ல தாத்தா. ஒண்ணுமே கேக்கல. எனக்குப் பாட்டு..."

"போதும்" என்று தாத்தா டப்பாவை மூடிவிட்டார். என் விரல் நசுங்கப் பார்த்தது. அத்தை தன் முறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தாத்தா அந்தக் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "உன்ன இன்னாத்துக்குக் கேக்கறது? கொழந்த சொல்லிச்சே" என்று சொல்லிவிட்டு, டப்பாவைத் தூக்கிப் படத்துக்குப் பின்னால் எட்டாத இடத்தில் வைத்தார்.

அத்தை கடலூரில் ஓடித் தேர்வானது, காக்கி போட்டது, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றது எல்லாம் ஊருக்கே தெரியும். அன்றைக்குச் சமையல்கட்டில் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அத்தை என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, என் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திப் பொத்தி எடுத்தாள்.

"நெசமா ஒண்ணும் கேக்கலல்ல?"

"கேக்கல அத்த. அவங்க வாய் மட்டும் மீன் மாதிரி தொறந்து தொறந்து மூடிச்சு. அந்தாளு உன்கிட்ட வந்து ஆடினான் பாரு, அவன்தான் சூப்பரு."

அத்தை சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு ஒரு பெரிய மனுஷியைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா உள்ளே வந்தபோது அதையே இன்னொரு தடவை, இன்னும் நன்றாக நடித்துக் காட்டினேன்.