பாயைப் பிழிந்த நாள்

நேற்று என் மகன் மழையில் நனைந்த படுதாவை வாசலில் உதறினான். அந்த ஈர வாடை வந்ததும், 1920களில் ரங்கூனில் பசுண்டாங் ஓடைக்கரையில் நாங்கள் இருந்த வீடு நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சம்பான் படகு இருந்தது. குயவர்கள் நிறைந்த த்வாண்டே என்ற ஊரிலிருந்து பானைகள் ஏற்றி வருவார். மழைக்காலத்துக்கு முன் காற்றுக்கு விரிக்கும் அதன் துணிப்பாயைக் கழற்றி, வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிடுவார். அழுக்கோடு வைத்தால் பூசணம் பிடித்துவிடும்.

அந்த வருஷம் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. அக்காவை, தமிழ்நாட்டில் எங்கள் ஊரிலிருக்கும் அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுக்க, அம்மாவைக் கேட்காமலே அப்பா முடிவுசெய்திருந்தார். அடுத்த கப்பலில் அக்கா போகவேண்டும்.

அப்பா தனியாகவே பாயைக் கழுவினார். பிழியப் போனபோது கனம் தாங்காமல் அது கைநழுவிச் சேற்றில் விழுந்தது. அம்மா வந்து, ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டு மறுமுனையைப் பிடித்தாள்.

"நல்லா முறுக்கு," என்றார் அப்பா.

அம்மா முறுக்கவில்லை. "போகப்போறவளைக் கேட்டீங்களா?"

அப்பா பாயைப் பிடித்தபடியே வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வள்ளி, இங்க வா," என்று அக்காவைக் கூப்பிட்டார். "ஊருக்குப் போக உனக்கு இஷ்டமா?"

"இல்லப்பா," என்றாள் அக்கா.

"சரி, போகவேண்டாம்." அம்மா பக்கம் திரும்பினார். "இப்பவாவது முறுக்கு."

அம்மா முறுக்கிய வேகத்தில் அப்பாவின் வேட்டி முழுக்க நனைந்தது.