மாமா என்று கேட்டது

எழுபதுகளின் கடைசியில் நான் வாயால் பிழைத்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஊர்களுக்கு ஜீப்பில் புரொஜெக்டரை ஏற்றிப்போய் வெளிநாட்டு ஆவணப்படங்களைக் காட்டுவது எங்கள் ஆபீஸ் வேலை. ஆபரேட்டர் படத்தை ஓட்டுவார். படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வெள்ளைக்காரன் சொல்வதை நான் மைக்கில் தமிழில் சொல்வேன். கணீர்க் குரல் என்று பேர் வாங்கியவன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

ஒருமுறை மெட்ராசிலிருந்து வந்த படம், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஐரோப்பியப் பள்ளியைப் பற்றியது. டீச்சர் ஒரு சின்னப் பெண்ணின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசுவாள். குழந்தை அந்த அதிர்வை விரலால் அறிந்து, தன் தொண்டையிலும் வரவழைக்கப் பார்க்கும். கடைசியில் தன் அம்மாவைப் பார்த்து முதல் சொல்லைச் சொல்லும். அந்த இடத்தில் யாரும் பேச வேண்டாம், குழந்தையின் குரலே கேட்கட்டும் என்று படத்தோடு வந்த குறிப்பில் எழுதியிருந்தது.

திருமானூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், சனிக்கிழமை மத்தியானம், ஜன்னல்களைச் சாக்கால் அடைத்துவிட்டுப் படம் போட்டோம். குழந்தை "மமா" என்றது. அவர்கள் ஊரில் அதற்கு அம்மா என்று அர்த்தம். நம் ஜனங்கள் காதில் அது மாமா என்று விழுந்தது. அம்மாவைப் பார்த்து மாமா என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நானாவது சும்மா இருந்திருக்கலாம். "பேச்சு வந்ததும் சீர் கேக்க மாமனைக் கூப்பிடுது பாருங்க" என்று மைக்கில் சொல்லிவைத்தேன். ஹால் அதிர்ந்தது. எனக்கும் பெருமைதான்.

படம் முடிந்ததும் ஒரு பெண் வந்தாள். கரும்பு வெட்டுக்குப் போகிறவள். கூடவே பதினொரு வயது மகள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. தாய் சிரித்திருக்கவில்லை.

"அந்தப் புள்ளை அம்மாவைத்தானே சார் கூப்பிட்டுச்சு?"

ஆமாம் என்றேன். அவமானமாக இருந்தது. அந்தப் பள்ளி எங்கே என்று கேட்டாள். கப்பலேறிப் போகிற தூரம் என்று சொன்னதை, ஏதோ கொள்ளிடத்துக்கு அக்கரை என்பதுபோல் கேட்டுக்கொண்டாள். நம் பக்கத்திலும் இப்படி ஒன்று இருக்கும், விசாரித்துச் சொல்கிறேன், அடுத்த மாதம் ஜெயங்கொண்டத்தில் படம் போடும்போது வந்து பாருங்கள் என்றேன்.

விசாரிக்கத்தான் செய்தேன். வெளியூர்ப் பள்ளி ஒன்றுக்கு எழுதினேன். எட்டு வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று பதில் வந்தது.

ஜெயங்கொண்டத்துக்கு அவள் இரண்டு பஸ் மாறி மகளோடு வந்துவிட்டாள். படம் தொடங்குமுன் விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை. அந்தப் படத்தையே இன்னொரு தடவை போடச் சொன்னாள். அது மெட்ராசுக்குத் திரும்பிப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்று பனிக்கடலை உடைத்துக்கொண்டு போகும் கப்பலைப் பற்றிய படம்தான் என்றேன். சரி என்று உட்கார்ந்தாள்.

பாதிப் படத்தில் மகளை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இவ கைய என் தொண்டையில வச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரலீங்க. உங்களுக்குப் பெரிய தொண்டை. ஒரு தடவை வச்சுப் பாக்கட்டும் சார்."

ஹால் முழுக்க என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்த வழியில்லை. தலையாட்டினேன். கரும்புத் தோகை கீறிய சின்னக் கை என் தொண்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. அம்மா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஹால் சிரித்துவிடும் என்று பயந்தேன். இத்தனை நாள் பேசிச் சம்பாதித்த வாய்க்கு அந்தத் தைரியம் வரவில்லை. கப்பல் வருகிறது, கப்பல் பனியை உடைக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மகள் என் உதட்டையே பார்த்தாள். அவள் வாய் திறந்தது, உதடு இரண்டும் சேர்ந்தது, மறுபடி திறந்தது. சத்தம் எதுவும் இல்லை.

தாய் என் தோளைப் பிடித்தாள். "அம்மான்னு சொல்றா சார். ஒதடு சேந்துச்சு, பாத்தீங்களா?"

கப்பல் என்றாலும் உதடு சேரத்தான் செய்யும். நான் அவளைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினேன். திரையில் கப்பல் போய் வெகுநேரமாகிவிட்டது. நான் மட்டும் கப்பல், கப்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.