பால் பொட்டு

என் அக்காவுக்கு மனிதர்களின் முகத்தைப் பார்க்கத் தெரியாது, தாடையைத்தான் பார்ப்பாள். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் முதல் தடவை எங்களைப் பார்க்க வந்து சிரித்தபோது, "மேல் வரிசையில ரெண்டு பல்லு முளைக்கவே இல்ல, கவனிச்சியா?" என்று என் காதைக் கடித்தாள். கவனித்திருந்தேன். அதோடு சேர்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

முகமும் பல்லும் கருவில் எப்படி உருவாகின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. சுண்டெலிக் கருவை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். வாயின் மேல்கூரை முதலில் இரண்டு மடலாக நாக்கின் இரண்டு பக்கமும் தொங்குமாம். நாக்கு இறங்கி வழிவிட்டால் இரண்டும் மேலே எழும்பி நடுவில் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டாமல் போனால் அண்ணப்பிளவு. "ஏன் ஒட்டலைங்கிற ஒரு கேள்விக்கே என் ஆயுசு பத்தாது" என்பாள். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தாலும் இதே பதில்தான்.

பிறந்த எலிக்குட்டியின் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். பால் குடித்திருந்தால் வயிற்றில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரியும். அண்ணம் பிளந்த குட்டியால் சப்பிக் குடிக்க முடியாது; பொட்டு இருக்காது, அன்றைக்கே செத்துப்போகும். அதனால் ஆராய்ச்சிக்கூடத்தில் குட்டி போட்ட காலையில் யாரும் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. வயிற்றைத்தான் பார்ப்பார்கள். பால் பொட்டு இருந்தால் அண்ணம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

என் மகள் பிறந்தபோது குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. பதறிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன். வந்தாள். குழந்தையின் சட்டையைத் தூக்கி, உப்பியிருந்த வயிற்றைச் செல்லமாகத் தட்டினாள். "பால் பொட்டு இருக்குடி. கொஞ்சம் நிமித்திப் பிடிச்சுக் குடு, சரியாயிடும்." இவளைவிடப் பெரிய ஆள் யாரைத் தேடிப் போவது?

குழந்தை எடை போட்டது, நடந்தது, பேசவும் செய்தது. ஆனால் மூக்கால் பேசியது. அக்காதான் "வண்டு" என்று பெயர் வைத்தாள். வீட்டில் கொஞ்சலாக இருந்த பெயர் பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி ஆயிற்று. வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்கள் என்று வண்டு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை; அதற்கான படிப்பையும் முடித்தாள். முதல் நாள் வகுப்பில் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டின. மறுநாள் அவள் போகவில்லை. இப்போது ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கிறாள். பெட்டிகளோடு பேச வேண்டியதில்லை.

போன வருஷம் கடைவாய்ப் பல் வலி என்று பல் டாக்டரிடம் போனோம். அவர் வாய்க்குள் விளக்கை அடித்துவிட்டு, வலிக்கிற பல்லை விட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தது. அண்ணத்தை மேலே தோல் மூடியிருக்கிறது, உள்ளே தசை சேரவில்லை, பேசும்போது காற்று மூக்குக்குப் போய்விடுகிறது என்றார்.

"சின்ன வயசுல யாரும் பாக்கலையாம்மா?"

"வீட்டுலயே ஒரு விஞ்ஞானி இருக்காங்க டாக்டர்" என்றேன். எரிச்சலில் வந்த பேச்சு, அவருக்குப் புரியவில்லை.

"பேச்சு படியறதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணியிருந்தா நல்லாப் பேசியிருப்பா. இப்பவும் பண்ணலாம். ஆனா பழகிப்போன பேச்சு எவ்வளவு மாறும்னு சொல்ல முடியாது."

அக்காவிடம் ஃபோனில் விஷயத்தை மட்டும் சொன்னேன். நேரில் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று இருந்தேன். அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் தண்ணீர்தான் எடுத்துக் கொடுத்தேன். வண்டுவை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, "வாயைத் தொற கண்ணு" என்றாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. வெகுநேரம் பார்த்தாள்.

"வயித்தப் பாத்துட்டுப் போயிட்டேன்டி" என்றாள் என்னிடம். "எலிக்குப் பாக்கற மாதிரியே வயித்தப் பாத்துட்டேன். மேல தோல் மூடியிருந்தா மனுஷக் குழந்தை எப்படியாவது குடிச்சுப் பொழச்சுக்கும். எனக்குத் தெரியாததா? தெரிஞ்சும் தோணலையே."

"எத்தனை எலியோட வாயைப் பாத்திருப்ப. எம்பொண்ணு வாயை ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா?" என்றேன். அதற்கு மேல் திட்ட எனக்குத் தெம்பில்லை. அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

பிறகு அவள் வண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயாவது ஒரு நாள் எங்கிட்ட கேட்டிருக்கலாமே கண்ணு, நான் ஏன் இப்படிப் பேசறேன்னு" என்றாள்.

வண்டு ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். எதிரே இருப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்று அவள் எப்போதும் அப்படித்தான் பேசுவாள்.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் பெரியம்மா. நீங்களே ஒண்ணும் சொல்லலைன்னா, இதைச் சரி பண்ண முடியாதுன்னு நெனச்சுக்கிட்டேன். கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு விட்டுட்டேன்."