ரெண்டாவது தடவை ஓட்டினால்தான் நம்பர் வரும்

எம்.ஃபில். ஆய்வேட்டை மறுநாள் கொடுத்தாக வேண்டும். விட்டால் ஆறு மாதம் போச்சு. கல்லூரி லேப் விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மானிட்டர் ஆடும்.

என் பாடம் கணிதம். சூத்திரங்களைக் கட்டளைகளாக டைப் செய்து ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரின் கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், லேடெக் என்ற சாஃப்ட்வேர் அந்த ஃபைலை நாம் படிக்கிற மாதிரி பக்கம் பக்கமாகப் பிடிஎஃப் ஆக்கித் தரும். அந்த சாஃப்ட்வேரை என் சிடியிலிருந்து ஏற்றக் கடைக்கார அண்ணன் சம்மதித்ததே பெரிய விஷயம்.

தட்டினேன். வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின. அண்ணன் பதறிப்போய் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"இன்னாமா இது? வைரஸ் கிய்ரஸ் வுட்டுட்டியா? சிஸ்டம் புட்டுக்கப் போவுது!"

"கைய எடுண்ணா! வேல நடந்துகினு கீது!"

வேலை நடுவில் யாராவது கை வைத்தால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் பிடிஎஃபைத் திறந்தால், சமன்பாட்டைச் சுட்டும் நம்பர் வரவேண்டிய இடமெல்லாம் இரட்டைக் கேள்விக்குறி.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஒரே கொஸ்டின் மார்க்கா கீது? நீ எழுதுனது உனுக்கே டவுட்டா?"

பக்கத்து சீட்டில் சாட் செய்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முதல் ஓட்டத்தில் எந்தச் சமன்பாட்டுக்கு என்ன நம்பர் என்று லேடெக் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். ரெண்டாவது ஓட்டத்தில்தான் நிரப்பும். அதே வரியை மறுபடி தட்டினேன்.

ஒரு கேள்விக்குறிகூட இல்லை. ஒவ்வொரு சூத்திரமும் வெளிநாட்டுப் புத்தகத்தில் இருப்பதுபோல் நறுக்கென்று நின்றது. காசிமேட்டில் மீன் விற்பவளின் மகள் செய்தது இது என்று தெருவில் இறங்கிக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, பிரிண்ட் கொடுத்தேன்.

மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வந்த கையோடு கடைப் பக்கம் போனேன். மை சரியாக விழாததால் நான் விட்டுப்போன ஆய்வேட்டுத் தாள் ஒன்றைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார் அண்ணன். அதன்கீழ் மார்க்கரில்: 'இங்கு கணக்கு தீசிஸ் நல்ல முறையில் செய்து தரப்படும்.'

"யாருண்ணா செஞ்சு தருவாங்க?" என்றேன்.

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

"நீதான் கீறியேமா."