வள்ளத்துக்குள் கீரை

ஓர் உத்தியோகத்தரைப் பார்த்துக் கத்துவேன் என்று நான் நினைத்ததேயில்லை.

கொரோனா முடக்கத்தில், குருநகர்க் கடற்கரையில் எங்கள் வள்ளம் மீன்பிடித் தொழிலுக்குப் போகாமல் கிடந்தது. பிள்ளைகளின் சத்துக் குறைவு பற்றிப் போசாக்கு வகுப்பு எடுக்க வந்த அந்த உத்தியோகத்தர் என்னிடம் கீரை விதை தந்தார்.

"நடக் காணி இல்லை, சேர்," என்றேன்.

"உந்த வள்ளம் சும்மாதானே கிடக்கு? மண்ணை நிரப்பி நடுங்கோ. நல்ல படமும் எடுக்கலாம்."

என் கணவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நாங்கள் சவப்பெட்டிக்கு மேலைதான் மண் போடுவம், சேர். எங்கடை வள்ளம் இன்னும் சாகேல்லை!"

அவர் போய்விட்டார். விதையை உடைந்த மீன்பெட்டியில் போட்டேன். கீரை நன்றாகவே வந்தது, பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். ஆனால் என் கோபம் இன்னும் ஆறவில்லை. பிள்ளைகளுக்கு என்ன சத்துக் குறைவு என்று சொல்லத் தெரிந்தவருக்கு, அவர்களின் சோற்றோடு ஏன் மீன் இல்லை என்று கேட்கத் தோன்றவேயில்லை.