மயில்கழுத்தில் என் மூச்சு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் போடியில் மூன்று லேத்து போட்டுப் பட்டறை நடத்தினேன். மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் பாதிக்கு மேல் என் கையால் செய்த அடுப்புதான் எரிகிறது. தேனி சாலையில் எனக்கென்று இரண்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. எதுவும் யார் தயவிலும் வந்ததில்லை. ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரியத்தை நான் செய்தது ஒன்பது வயதில். எலும்பு கருகும் நாற்றம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் அந்த நாள்தான் கண்ணுக்குள் வந்து நிற்கும்.

என் அப்பாவுக்குத் துப்பாக்கி பழுதுபார்க்க லைசென்ஸ் உண்டு. எஸ்டேட் முதலாளி ஒருவர் தன் தகப்பனார் காலத்து ரிவால்வரைக் கொண்டுவந்து, அதன் துருவேறிய இரும்புச் சட்டத்துக்கு, அதாவது பாடிக்கு, பழைய நிறம் திரும்ப வேண்டும் என்றார். அது பூசுகிற சாயம் இல்லை. மாட்டெலும்பைக் கருக்கி இடித்த கரியோடு பாடியை இரும்புப் பெட்டியில் அடைத்து, செக்கச் சிவக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு தண்ணீரில் கொட்ட வேண்டும். இரும்பின் மேல்தோல் கெட்டிப்பட்டு, மழைத்தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தியது போல நீலமும் பழுப்பும் ஊதாவும் படரும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "மயில்கழுத்து". எலும்பு கருக்கும் நாளெல்லாம் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது வீடா, சுடுகாடா?" என்பாள்.

முதல் தடவை வந்தது வெறும் சாம்பல் நிறம். முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன ஆசாரி, மயிலக் கேட்டா எருமையக் குடுக்குறீரு?" என்று சிரித்தார். இன்னொரு தடவைதான் காய்ச்சலாம், அதற்கு மேல் பாடி கோணிவிடும். அதுவும் தவறினால் மலைக்காரர்களின் துப்பாக்கி ஒன்றுகூட எங்கள் வாசலுக்கு வராது. அப்பா அன்று சோற்றைத் தொடவில்லை.

மறுநாள், தணலின் நிறம் தெரிவதற்காகச் சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, அப்பா பெட்டியைக் கிடுக்கியில் பிடித்து நின்றார். நான் தண்ணீர்த் தொட்டியோரம் குந்தி, பப்பாளி இலைக் காம்பைத் தண்ணீருக்குள் விட்டு விளையாட்டாக ஊதிக்கொண்டிருந்தேன், தண்ணீர் குபுகுபுவென்று கொப்பளித்தது. "ஏலே, எந்திரிடா அங்கனயிருந்து!" என்று அவர் கத்தவும், மூடி கழன்று பாடி தொட்டிக்குள் விழவும் சரியாக இருந்தது. தெறித்த வெந்நீரின் தழும்பு என் இடது முழங்கையில் இன்னும் இருக்கிறது.

ஆவி அடங்கியதும் அப்பா பாடியை எடுத்துத் துடைத்தார். தண்ணீரில் கலந்த என் மூச்சுக்காற்றுதான் நிறத்தை இழுத்து வந்திருந்தது, என் குமிழிகளெல்லாம் இரும்பில் பூத்திருந்தன. சாட்சாத் மயில்கழுத்து! அவர் இரும்பைப் பார்த்தார், என் வாயிலிருந்த காம்பைப் பார்த்தார். முதலாளி வந்து, "எப்பிடிய்யா வந்துச்சு?" என்றதற்கு, "எல்லாம் கரிப் பக்குவம், மொதலாளி" என்றவர், முதலாளி அந்தப் பக்கம் போனதும் என் காதைத் திருகி, "வெளிய மூச்சு விட்டுறாதடா" என்றார்.

விடவில்லை. அதற்குப் பிறகு பெட்டி சிவக்கும்போதெல்லாம், "ஏலே, காம்ப எடுத்துட்டு வாடா" என்று அவரே கூப்பிடுவார், நானும் கன்னம் வலிக்க ஊதுவேன். வெளியாள் கேட்டால் மட்டும் கரிப் பக்குவம். ஒரே ஒரு தடவை, யாராவது ஒருவரிடம், "பையன் ஊதுனான்" என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவர் கண்மூடும்வரை காத்திருந்தேன்.

போன மாதம் அந்த முதலாளியின் பேரன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ரிவால்வரைக் காட்டினான். கைபட்ட இடமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பிடியின் மரத்தைக் கழற்றச் சொன்னேன். வெயிலும் வியர்வையும் படாத அந்த விரலகல இடத்தில் மயில்கழுத்து அன்றைக்குப் பூத்தபடியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒங்க அப்பாரு பெரிய வித்தக்காரருன்னு தாத்தா சொல்லிக்கிட்டே இருப்பாக" என்றான் பேரன். அப்பாவின் பெயரை எழுதி, ரிவால்வரைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறானாம்.

அப்பாவின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பப்பாளி மரமும் இல்லை, ஊதச் சொல்லிக் கூப்பிட்ட குரலும் இல்லை. முதலாளி வீட்டுத் தம்பி, என் அப்பாவின் பெயரை மேலே பெரிதாகவே எழுது. அதற்குக் கீழே, "ஊதியது மகன்" என்று ஒரு வரி வேண்டும். அறுபது வருஷம் மூச்சு விடாமல் இருந்துவிட்டேன். அந்த வரி இல்லாமல் பெட்டியை மூட விடமாட்டேன்.